பள்ளிக்கு வராத பிள்ளை

காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறமும் கரைகளுக்கு வேறு நிறமும் வைத்து இணைத்து நெய்தால் அது கோர்வைச் சேலை. இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரின் கைகளால் இது ஆகாது. ஒரு கரையின் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் துணையாள் தேவை. அத்துணையாள் யார் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நெடுங்காலமாக அவ்விடத்தில் பெரும்பாலும் அமர்ந்தது வீட்டுப் பிள்ளையே. பிள்ளை பள்ளிக்குச் சென்றால் தறி நிற்கும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தானே கூலி! பருத்தி எடுக்கும் வாரங்களில் விவசாய அங்கத்தினர் வீடுகளிலும் இதே நெருக்கடிதான்.

"பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று தந்தையர் கூறக் கேட்டிருக்கிறோம். தீபாவளி நெருக்கத்தில் பத்து நாள் தறியில் இருந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிய ஒரு சிறுவனை நாம் அறிவோம். அதற்குள் கணக்கில் பின்னம் முடிந்து தசமம் தொடங்கியிருந்தது. எழுந்து விடை சொல்லச் சொன்னபோது அவன் விழித்தான். மற்றப் பிள்ளைகள் நகைத்தனர். மறுநாள் தறியில் வேலையில்லை. ஆயினும் அவன் பள்ளிக்குப் போகவில்லை. பத்து நாளைக்குக் காரணம் கூலி. பதினோராம் நாளுக்குக் காரணம் வெட்கம். அதை நாட்டமின்மை என்பது நியாயமன்று.

பசியென்னும் காரணத்தை அரசு கவனித்து வந்துள்ளது: 1956ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. வெட்கத்துக்கும் வழி உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை படிப்பை இடையில் நிறுத்தியிருப்பினும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட வேண்டும். விட்டதை ஈடுசெய்யச் சிறப்புப் பயிற்சி பெறவும் அதற்கு உரிமை உண்டு. இதை அறியாமல், "இனி யார் சேர்ப்பார்கள்?" என்றிருந்துவிடுவோர் பலர். நிர்வாகக் குழுவினர் ஒருவர் பெற்றோருடன் தலைமை ஆசிரியரிடம் சென்று கேட்பாராயின் பேச்சு எளிதாகும். பிள்ளை திரும்பும் முதல் வாரத்தில் அதனைக் கேள்வி கேட்டு நிறுத்தாதிருக்கும்படியும் அவரிடமே வேண்டிக்கொள்ளலாம்.

எஞ்சுவது கூலி. இதில் பிறரை நோக்கிப் பயனில்லை. பிள்ளையின் உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாததால் அது இலவசம்போல் தோன்றுகிறது. கோர்வைச் சேலையின் கூலியில் வயது வந்த துணையாளுக்குரிய பங்கைச் சங்கம் தனியே கணக்கிட்டு வழங்க வேண்டும் என்பது நம் கருத்து. சேலையின் அடக்க விலை சற்று உயரும், மறைக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதனை அங்கத்தினர்கள் விவாதிக்க வேண்டுகிறோம். தீபாவளிக் கிராக்கி தொடங்குமுன் அக்கூட்டம் நடைபெறுவது நலம்.