சாவிக்கொத்து ப்ளக்இன் கையில்

2024 ஜூலை 31 அன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பணப் பரிமாற்றம் நின்றுபோனது. பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும்தான். அவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்துவிட்டது. அது மற்ற இடங்களுக்குப் பரவாமலிருக்க, யுபிஐ உள்ளிட்ட பரிமாற்றங்களை நடத்தும் என்பிசிஐ அந்த நிறுவனத்தின் இணைப்பையே துண்டித்தது. மறுநாள் நிலைமை சீரானது. கிளவுட்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அது வந்த வழியைத் தேடிப் பார்த்துவிட்டு, கூட்டாளி நிறுவனம் ஒன்றில் சரியாக அமைக்கப்படாத ஜெங்கின்ஸ் சர்வரிலிருந்து தாக்குதல் தொடங்கியதாகச் சொன்னது. ஜெங்கின்ஸ் என்பது மென்பொருள் செய்கிறவர்களின் பின்னறைக் கருவி, ப்ளக்இன் எனும் துணை நிரல்களால் வளர்வது. பணம் எடுக்க முடியாமல் நின்ற யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சர்வர்களைக் கண்காணிக்கும் மானிட்டரிங் மென்பொருளும் அதே பின்னறையில் இருப்பதுதான். ஐயங்கார்குளத்தில் உட்கார்ந்து இதை எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். சஞ்சீவிராயர் கோயிலும் நடவாவிக் கிணறும் உள்ள இந்த ஊரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் டிப்ளமோவோ பிசிஏவோ முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலைகளின் ஐடி பிரிவுக்குப் போகிறார்கள். சிலர் காஞ்சிபுரம் டவுனில் பட்டுக்கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று நாலைந்து இடங்களில் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு ‘சிஸ்டம் பார்க்கிற தம்பி’யாக இருக்கிறார்கள். முதலாளி கேட்பது ஒன்றுதான்: “ஏதாவது நின்னுபோச்சுன்னா கஸ்டமர் சொல்லி எனக்குத் தெரியக் கூடாதுப்பா. முன்னாடியே தெரியணும்.” நியாயமான ஆசை. தம்பியும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மானிட்டரிங் மென்பொருளைப் போட்டுவிடுகிறார்.

அந்த வகையில் மூத்தது நாகியோஸ். 1999இல் நெட்செயின்ட் என்று வந்து, 2002இல் இந்தப் பெயருக்கு மாறியது. அது தானாக எதையும் சோதிப்பதில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டதா, வெப்சைட் திறக்கிறதா, ராத்திரி பேக்கப் ஓடியதா என்று போய்ப் பார்ப்பவை ப்ளக்இன்கள். பார்த்துவிட்டு ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: 0 என்றால் சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. கூடவே ஒரு வரி விளக்கம். இவ்வளவு எளிமையாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆயிரக்கணக்கில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

சிக்கலும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. டேட்டாபேஸைப் பார்க்க வேண்டுமானால் ப்ளக்இன்னுக்கு டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தர வேண்டும். பில்லிங் கணினியைப் பார்க்க அதற்குள் நுழையும் அனுமதி வேண்டும். இப்படி எல்லாக் கணினிகளின் சாவியும் ஒரே கொத்தாக மானிட்டரிங் சர்வரில் வந்து சேர்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரல், அந்தக் கொத்து தொங்குகிற அறையிலேயே ஓடுகிறது.

முன்பின் தெரிந்தவர் எழுதியிருந்தாலும் நிம்மதி இல்லை என்று காட்டியது சோலார்விண்ட்ஸ். அமெரிக்க அரசுத் துறைகளும் பெருநிறுவனங்களும் நம்பியிருந்த மானிட்டரிங் மென்பொருள் அந்த நிறுவனத்தின் ஓரியன். 2020 மார்ச் முதல் ஜூன் வரை வந்த அதன் அப்டேட்களில், நிறுவனத்தின் சொந்த டிஜிட்டல் கையொப்பத்தோடேயே வேவு நிரல் ஒன்று ஒளிந்திருந்தது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் அதை இறக்கிக்கொண்டார்கள். உள்ளே போனதும் அது இரண்டு வாரம் வரை சும்மா கிடக்கும். பிறகு திரட்டியதை ஓரியனின் வழக்கமான ப்ளக்இன் அமைப்புக் கோப்புகளுக்குள்ளேயே பதுக்கிவைக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி ஃபயர்ஐ நிறுவனம் வெளிப்படுத்தும்வரை அது வெளியே தெரியவில்லை.

பெயரை மட்டும் பார்த்து இறக்குவதிலும் வில்லங்கம் உண்டு. நாகியோஸ் ப்ளக்இன்களைப் பல ஆண்டுகள் பராமரித்த தன்னார்வலர்களிடமிருந்து அவற்றின் இணைய முகவரி 2014 ஜனவரியில் நாகியோஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தத் தன்னார்வலர்கள் ‘மானிட்டரிங் ப்ளக்இன்ஸ்’ என்ற பெயரில் தனியே தொடர்ந்தார்கள். இரண்டு தரப்பும் ஒழுங்கானவைதான். ஆனால் நேற்று நம்பிய முகவரியை இன்று நடத்துவது யார் என்று பார்க்கிற பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? லினக்ஸின் சொந்தத் தொகுப்புக் களஞ்சியத்தில் இருப்பதை முதலில் எடுங்கள். அங்கே இல்லாததை வெளியிலிருந்து எடுத்தால், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பாருங்கள். ப்ளக்இன்கள் பெரும்பாலும் சில நூறு வரிதான், திறந்து படித்துவிடலாம். வெளி முகவரி எதற்காவது தகவல் அனுப்புகிறதா என்பது படித்தாலே தெரியும்.

உண்மையில் கதவு திறப்பது நிறுவும்போது அல்ல, நிறுவியது ஓடாதபோதுதான். ராத்திரி பதினோரு மணி, திரை முழுக்கச் சிவப்பு, முதலாளி போனில் இருக்கிறார். அந்த அவசரத்தில் கை போகிற இடங்கள் எல்லாருக்கும் ஒன்றே: ஃபைலை யாரும் மாற்றலாம், இயக்கலாம் என்கிற 777 பர்மிஷன், ஃபயர்வாலை நிறுத்துவது, ப்ளக்இன்னை எல்லா உரிமையும் உள்ள ரூட்டாக ஓட்டுவது. ஓடிவிடும். ஓடிய பிறகு யாரும் திருப்பி மாற்றுவதில்லை.

பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படித்தால் இது எதுவும் தேவைப்படாது. திரும்பி வந்த எண் 127 என்றால் ப்ளக்இன் அந்த இடத்தில் இல்லை, அல்லது பாதை தவறு. 126 என்றால் ஃபைல் இருக்கிறது, இயக்கும் அனுமதி இல்லை. அந்த அனுமதியை நாகியோஸ் பயனருக்கு மட்டும் கொடுத்தால் போதும். ‘கையால் ஓட்டினால் ஓடுகிறது, நாகியோஸில் ஓடவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கையால் ஓட்டியவர் ரூட்டாக இருந்து ஓட்டியிருக்கிறார். நாகியோஸ் பயனராக மாறி ஓட்டிப் பாருங்கள், குறை அங்கேயே தெரியும். ரூட் உரிமை இல்லாமல் முடியவே முடியாத சோதனை என்றால், சூடோ பட்டியலில் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் இடம் கொடுங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

தொலைவில் உள்ள கணினியில் ப்ளக்இன்னை ஓட்டும் என்ஆர்பிஇ வழக்கமாக 5666ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் சேவை ஓடவில்லை, அல்லது அனுமதிக்கப்பட்டவர் பட்டியலில் மானிட்டரிங் சர்வரின் முகவரி இல்லை. அந்த ஒரு முகவரியைச் சேர்த்தால் தீர்ந்தது. ஊருக்கே திறந்துவிடத் தேவையில்லை. இதில் ‘டோன்ட் பிளேம் என்ஆர்பிஇ’ என்றே பெயர் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. ‘அப்புறம் என்மேல் பழி போடாதே’ என்று எழுதியவர்களே கைகழுவிவிட்டார்கள். வெளியிலிருந்து கட்டளையோடு கூடுதல் விவரம் சேர்த்து அனுப்ப அது வழிவிடுகிறது. அதைத் திறந்துவைத்தவர்களின் கணினியில் அந்நியர் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டைகள் 2013இலும் 2014இலும் கண்டறியப்பட்டன.

ஓட்டை தெரிந்த பிறகும் அடைக்காமல் விடுவது இன்னொரு நோய். சென்னையின் சோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, கணினி நிர்வாகத்துக்கும் கண்காணிப்புக்கும் மென்பொருள் செய்து உலகெங்கும் விற்கிறது. அதில் பாஸ்வேர்டு மாற்ற உதவும் ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2021 செப்டம்பரில் திருத்தம் வந்துவிட்டது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அதைப் போடவில்லை. நவம்பர் 9ஆம் தேதி அந்த ஓட்டை வழியாகவே ஆட்கள் நுழைந்தார்கள். கண்டுபிடித்தது 2022 ஜனவரி 18 அன்று. போரிலும் இடப்பெயர்விலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உள்ளிட்ட 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அதற்குள் வெளியார் கையில் சிக்கியிருந்தன. ஜெனீவாவில் ஆள் அம்பு உள்ள அமைப்புக்கே இந்தக் கதி. டவுன் பட்டுக்கடையில் அப்டேட் போடுவதற்கென்று ஒரு தேதி குறித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

திரை பச்சையாக இருக்கிறது என்பதும் முழு உண்மை அல்ல. பேக்கப் ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ப்ளக்இன், அந்த ஃபைல் காலியாக இருந்தாலும் 0 என்றே சொல்லும். ‘தெரியவில்லை’ என்ற மூன்றாம் எண்ணை வாரக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விடுகிற இடங்கள் ஏராளம். கண்காணிப்பவரையே கண்காணிப்பது புதிதல்ல. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியம் உள்ளிட்ட வாரியங்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரை மட்டுமல்லாமல் அவருடைய உறவினர்களையும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கின. ஏரியைப் பார்க்கச் சொல்லி நியமித்தவரிடமே கணக்குக் கேட்டார்கள். அந்தக் கண்டிப்பில் கால்வாசியாவது நம் மானிட்டரிங் சர்வர்மேல் இருக்கலாம்.

இனி சட்டம். முதலில் தம்பிக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதையும் கேடு விளைவிக்கும் நிரலைப் புகுத்துவதையும் நஷ்டஈடு தர வேண்டிய செயலாக வைக்கிறது. மோசடி எண்ணம் இருந்தால் பிரிவு 66இன்படி மூன்று ஆண்டு வரை சிறை. நல்ல எண்ணத்தில்தான் போட்டீர்கள் என்றாலும், எந்தக் கணினியில் எந்த ப்ளக்இன்னைப் போடப்போகிறீர்கள் என்று முதலாளிக்கு ஒரு மெயில் அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கி வையுங்கள். நாளை பிரச்சினை வந்தால் பேசுவது அந்த மெயில்தான்.

நிறுவனத்துக்கு: 2022 ஏப்ரல் 28ஆம் தேதி, நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, ஊடுருவல் போன்ற சம்பவங்களைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேர சர்வரோடு பொருத்த வேண்டும். நேரம் தப்பிய லாக்கை வைத்துக்கொண்டு எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. ‘ஃபார்மேட் போட்டுடு, எல்லாம் சரியாயிடும்’ என்று அவசரப்படுவது சாட்சியத்தை அழிப்பது. இணைப்பைப் பிடுங்கிவிட்டு டிஸ்க்கை அப்படியே நகலெடுங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சான்றோடு சான்றிதழும் கேட்கிறது. மூடி மறைப்பதும் நெடுநாள் நிற்பதில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019 அக்டோபர் 29 அன்று தாக்குதல் சாத்தியமே இல்லை என்றார்கள். மறுநாளே, நிர்வாக வலையமைப்போடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததையும், செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் சொல்லிவிட்டதையும் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது.

கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு: பணம் போனால் முதலில் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண், உடனே வங்கி. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிகள் கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் உள்ள அமைப்பில்தான் என்றால், செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பே கிடையாது. நாள் கடந்தால் பொறுப்பு ஏறும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனது உங்கள் கணக்கில். அதற்குப் பிறகு போவது வங்கியின் கணக்கில். புகார் எண்ணை வாங்காமல் கவுண்டரைவிட்டு நகராதீர்கள்.

இழப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் அதே ஐடி சட்டத்தின் 46ஆம் பிரிவின் கீழ் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் நஷ்டஈடு கேட்கலாம். பலருக்கும் தெரியாத வாசல் இது. தூத்துக்குடியைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் போலி மெயிலில் பணம் இழந்து இந்த வழியில் போனார். அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி 2010 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கிக்குத் தமிழ்நாட்டில் உத்தரவிடப்பட்டது.

சர்வர் பராமரிக்க ஆளோ நிறுவனமோ வைத்துப் பணம் கட்டும் சிறு கடைக்காரருக்கும் ஒரு வழி உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று எதிர்த்தரப்பு சொல்லும். தன் பிழைப்புக்காகத் தானே நடத்தும் தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; சேவைக்கும் அப்படியே என்று வாதிட்டுப் பார்க்கலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்டுவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, கெடு இரண்டு ஆண்டு. ஆனால் ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் பில்லும் கையில் இருக்க வேண்டும். எந்தெந்த ப்ளக்இன்கள் போட்டிருக்கிறார்கள், அப்டேட் யார் பொறுப்பு, லாக் எங்கே இருக்கும், ஆள் விலகினால் எத்தனை நாளுக்குள் பாஸ்வேர்டுகளை மாற்றித் தருவார்கள் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.