ரோகிண்டன் பாரியா கோப்பை

ரோகிண்டன் பாரியா கோப்பை என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் ஆடவர் துடுப்பாட்ட (கிரிக்கெட்) சுற்றுப்போட்டியாகும். ரஞ்சிக் கோப்பை தொடங்கியதற்கு அடுத்த பருவமான 1935-36இல் இது தொடங்கப்பட்டது. அணிகள் முதலில் தத்தம் மண்டலத்துக்குள் மோதுகின்றன. அவற்றுள் சிறந்தவை அனைத்திந்தியச் சுற்றுக்குத் தகுதி பெறுகின்றன.

வரலாறு

தொடக்கக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் செல்லும் முதன்மையான வழிகளுள் ஒன்றாக இப்போட்டி விளங்கியது. பல்கலைக்கழக ஆட்டக்காரர்களிலிருந்து தெரிவு செய்யப்பட்ட கூட்டு அணி, இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு அணிகளுடனும் விளையாடியது.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் அஜித் வடேகர் ஓர் ஆட்டத்தில் 324 ஓட்டங்கள் எடுத்திருந்தார். அதே பல்கலைக்கழகத்தின் சுனில் கவாஸ்கர் 1970இல் 327 ஓட்டங்கள் எடுத்து அச்சாதனையை முறியடித்தார். 1971இல் வடேகரின் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்திய அணியில் கவாஸ்கரும் இடம்பெற்றார். அவர் 4 தேர்வுப் போட்டிகளில் 774 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா அத்தொடரை 1-0 என்ற கணக்கில் வென்றது.

இன்றைய நிலை

19 வயதுக்குட்பட்டோருக்கான கூச் பெகார் கோப்பை போன்ற போட்டிகளும், 2008இல் தொடங்கிய இந்தியப் பிரீமியர் லீக்கும் இளம் ஆட்டக்காரர்களைக் கல்லூரிப் பருவத்துக்கு முன்னரோ அதற்கு வெளியிலோ அடையாளம் காண்கின்றன. இதனால் தேசிய அணிக்கான தெரிவுக் களம் என்ற வகையில் இக்கோப்பையின் முக்கியத்துவம் குறைந்துள்ளது.