குற்றவாளி விளையாட்டுதானா?



2012ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், மாசில்லாக் குழந்தைகள் விழா. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான், டிசம்பர் 14 அன்று, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூடவுன் என்ற ஊரில், சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளிக்குள் 20 வயது இளைஞன் ஒருவன் நுழைந்து, 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றிருந்தான். ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் குழந்தைகளை நினைவுகூரும் நாளில் அந்தப் பிஞ்சுகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. மறையுரையில் பேசினேன். மக்கள் கண்கலங்கினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "துப்பாக்கியால் சுடும் வீடியோ கேம்களை விளையாடி விளையாடித்தான் அவன் கொலைகாரன் ஆனான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவன் வளர்ந்துகொண்டிருக்கலாம்" என்று சொல்லி முடித்தேன். செய்தித்தாளில் படித்ததைத்தான் சொன்னேன்.

திருப்பலி முடிந்ததும் பீடத்தில் உதவி செய்த 9ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஃபாதர், நான் பிரவுசிங் சென்டர்ல கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடுவேன். நானும் அந்த மாதிரி ஆயிடுவேனா?" என்று கேட்டான். "விளையாடாம இருந்தா ஆக மாட்டே" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டேன். அன்று மாலை அவனுடைய தந்தை அவனை அடித்திருக்கிறார். "நீ கொலைகாரனாத்தான் வருவேன்னு சாமியே சொல்லிட்டார்" என்று உறவினர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். அதன்பின் அந்தச் சிறுவன் பீடத்திற்கு வரவில்லை.

'ஆயிடுவேனா?' என்ற அவனுடைய கேள்விக்கு அன்றே நான் நேர்மையாக விடை தேடியிருக்க வேண்டும். காலம் தாழ்ந்தாவது தேடிக் கண்டதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பழி எங்கிருந்து வந்தது?

1993இல் அமெரிக்க செனட் அவை 'மார்ட்டல் காம்பட்' போன்ற இரத்தம் தெறிக்கும் விளையாட்டுகளைப் பற்றி விசாரணை நடத்தியது. அரசு சட்டம் இயற்றிவிடுமோ என்று அஞ்சிய நிறுவனங்கள், 1994இல் தாங்களாகவே வயது வாரியாகத் தரம் பிரிக்கும் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பை ஏற்படுத்தின.

ஆனால் பழி உறுதியாக ஒட்டிக்கொண்டது 1999 ஏப்ரல் 20 அன்றுதான். கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள், 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தாங்களும் மடிந்தார்கள். இருவரும் 'டூம்' என்ற சுடும் விளையாட்டில் ஆர்வம் கொண்டவர்கள். 2002 ஏப்ரல் 26 அன்று ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில், பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட 19 வயது இளைஞன் ஒருவன் 16 பேரைக் கொன்றான். அவன் விளையாடியதாகப் பேசப்பட்டது 'கவுண்டர் ஸ்ட்ரைக்'.

2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைக் கொன்றபோது, விசாரணை தொடங்கும் முன்பே தொலைக்காட்சிகளில் வீடியோ கேம்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. பின்னர் வந்த விசாரணைக் குழுவின் அறிக்கை வேறு விதமாக இருந்தது. சிறுவயதில் அவன் விளையாடியவை வன்முறை விளையாட்டுகள் அல்ல. கல்லூரியில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் அவன் வீடியோ கேம் விளையாடி ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கே இரண்டு வார்த்தைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று மூர்க்கம், மற்றொன்று குற்றம். நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

ஆய்வுக்கூடச் சோதனைகளில் மாணவர்களைச் சிறிது நேரம் வன்முறை விளையாட்டு ஒன்றை விளையாட வைப்பார்கள். பிறகு எதிராளியின் காதில் எவ்வளவு உரத்த ஒலியை, எவ்வளவு நேரம் எழுப்ப விரும்புகிறார்கள் என்று அளப்பார்கள். இத்தகைய சோதனைகள் சிலவற்றில் வன்முறை விளையாட்டு ஆடியவர்கள் சற்றே கடுமையாக நடந்துகொண்டார்கள். ஆனால் காதில் ஒலி எழுப்புவது வேறு, துப்பாக்கி எடுத்துக் கொல்வது வேறு.

நீண்ட கால ஆய்வுகளும் உண்டு. 2018இல், 17,000க்கும் மேற்பட்ட சிறார்களையும் இளையோரையும் பற்றிய 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிஞர்கள், வன்முறை விளையாட்டுக்கும் அடிதடி போன்ற நடத்தைக்கும் இடையே சிறிய தொடர்பு ஒன்று இருப்பதாகக் கண்டார்கள். மறுபுறம், 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து, 14, 15 வயது பிரிட்டன் சிறார் ஏறத்தாழ ஆயிரம் பேரையும் அவர்களை வளர்ப்பவர்களையும் வைத்து ஆராய்ந்தபோது அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை. ஆகவே மூர்க்கத்தைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

குற்றத்தைப் பற்றியோ பெரிய வேறுபாடு இல்லை. விளையாட்டுக்கும் மூர்க்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று 2015இல் சொன்ன அமெரிக்க உளவியல் கழகமே, 2020 மார்ச் மாதத்தில், வன்முறைக் குற்றங்களுக்கு வீடியோ கேம்களைக் காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்றும், அப்படிக் காட்டுவது உண்மையான காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்றும் எச்சரித்தது. அமெரிக்காவில் வீடியோ கேம்கள் வீட்டுக்கு வீடு பரவிய காலத்தில், 1993 முதல் 2014 வரை, வன்முறைக் குற்ற விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. விளையாட்டுதான் குறைத்தது என்று இதற்குப் பொருள் அல்ல. விளையாட்டு பெருகினால் குற்றமும் பெருகும் என்ற கணக்கு பொய்த்துவிட்டது என்பதே பொருள். வீடியோ கேம்கள் மிகுந்த ஜப்பானிலும் தென் கொரியாவிலும் துப்பாக்கிக் கொலைகள் மிகமிகக் குறைவு என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நியூடவுனில் உண்மையில் நடந்தது

2013 நவம்பரில் கனெக்டிகட் அரசு வழக்குரைஞரின் அறிக்கை வெளிவந்தது. அந்த இளைஞனிடம் வன்முறை விளையாட்டுகள் இருந்தது உண்மை. ஆனால் அவன் திரையரங்கு ஒன்றுக்குச் சென்று மணிக்கணக்கில் ஆடியது, பாட்டுக்கு ஏற்பக் கால் வைத்து ஆடும் நடன விளையாட்டு. அவனுக்குக் கடுமையான மனநலச் சிக்கல்கள் இருந்தன. தன் அறையின் சன்னல்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளால் மூடிவிட்டு உள்ளேயே கிடந்தான். துப்பாக்கிகள் அவனுடைய தாய் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தவை. அவன் முதலில் கொன்றதும் அந்தத் தாயைத்தான். ஏன் செய்தான் என்பதை உறுதியாகக் கூற இயலவில்லை என்று அறிக்கை முடித்தது.

அதை வாசித்தபோது எனக்குத் தலை குனிந்தது. விசாரித்தவர்களே சொல்லத் துணியாத காரணத்தை நான் பீடத்திலிருந்து அடித்துச் சொல்லியிருந்தேன். பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் கற்பிப்பவன் நான்.

அப்படியானால் தடை வேண்டாமா?

கலிஃபோர்னியா மாநிலம் 2005இல், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வன்முறை விளையாட்டுகளை விற்பதைச் சட்டத்தால் தடுத்தது. 2011 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதைச் செல்லாது என்றது. விளையாட்டுகளும் நூல்களைப் போலக் கருத்துரிமைக்குள் வருபவை, தீங்கு விளைகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பவை அதன் காரணங்கள்.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. எர்ஃபுர்ட் கொலைகளுக்குப் பின், 2003 ஏப்ரல் முதல் விளையாட்டுகளின் வயதுத் தரத்தை விற்பனையாளர்கள் சட்டப்படி மதித்தாக வேண்டும் என்று ஆக்கியது. அதோடு நிற்கவில்லை. கொலைகாரன் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றின் உறுப்பினன் என்பதால், துப்பாக்கி உரிமத்திற்கான வயதையும் நிபந்தனைகளையும் கடுமையாக்கியது. இதுவே நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் 2019இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல்துறை 'பப்ஜி'யைத் தடை செய்து, அதை விளையாடிய மாணவர்களைக் கைதுகூடச் செய்தது. 2020 செப்டம்பரில் நடுவண் அரசும் பப்ஜியைத் தடை செய்தது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் வன்முறை அல்ல, நாட்டின் பாதுகாப்பும் பயனர்களின் தகவல் பாதுகாப்பும்தான்.

என் கருத்து இது. விளையாடுகிற பிள்ளையைக் குற்றவாளியாகப் பார்ப்பது அநீதி. அதற்காக 10 வயதுப் பிள்ளையின் கையில் எதையும் கொடுத்துவிடலாம் என்பதும் அல்ல. கொலைகாரன் ஆகமாட்டான் என்பது மட்டுமே ஒரு பொருளை நல்லதாக்கிவிடுமா? அடுத்தவரின் வேதனையைக் கேலிக்கூத்தாகக் காட்டும் விளையாட்டு, குற்றத்தைத் தூண்டாவிட்டாலும், குழந்தைக்கு உகந்தது அன்று. 2007ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாளுக்கான செய்தியில், திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் வன்முறையைக் கொண்டாடும் வீடியோ கேம்களைப் பெயர் சொல்லியே கண்டித்தார். அதே செய்தியில், பிள்ளைகள் நல்லதைத் தாங்களே தேர்ந்துகொள்ளப் பழக்கும் பொறுப்பைப் பெற்றோருக்கு நினைவூட்டினார்.

வயதுக்கேற்ற கட்டுப்பாடு வேண்டும். அது வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். கைபேசியில் பதிவிறக்கும் இடத்திலேயே 7+, 12+, 16+, 18+ என்று வயது குறிப்பிடப்பட்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' ஐரோப்பாவில் 18 வயதினருக்கானது என்று தரம் பிரிக்கப்பட்டது. அதை 6ஆம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தருவது நாம்தான். இரவு 12 மணிக்கும் திரை ஒளிர்கிறது, உறக்கமும் படிப்பும் கெடுகின்றன என்றால், அங்கே அஞ்ச வேண்டியது துப்பாக்கியைவிட அடிமைத்தனத்தையே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கட்டுப்பாட்டை இழக்கும் கோளாறும் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மருந்து அடியல்ல, மருத்துவரின் உதவி.

அந்தச் சிறுவன்

2014 தொடக்கத்தில் அவனுடைய வீட்டுக்குச் சென்றேன். தந்தையின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "அந்த விளையாட்டை எனக்குக் காட்டு தம்பி" என்றேன். மூவருமாகப் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஒரு நிமிடத்திற்குள் நான் சுடப்பட்டு விழுந்தேன். அவன் ஓராண்டுக்குப் பின் என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்போதுதான் தெரிந்தது, அவன் அங்கே போனது சுடுவதற்காக மட்டும் அல்ல. தந்தை இரவு 10 மணிக்கு வேலையிலிருந்து வருவார், தாய் வெளியூரில். அவனோடு பேச அங்கேதான் நான்கு நண்பர்கள் இருந்தார்கள். "எனக்கு இது தெரியாமப் போச்சே சாமி" என்றார் தந்தை.

பெற்றோரே, இன்று இரவு கைபேசியைப் பிடுங்குவதற்கு முன் பிள்ளையின் அருகில் அமருங்கள். என்ன விளையாடுகிறாய், யாரோடு விளையாடுகிறாய் என்று கேளுங்கள். தடுக்க வேண்டியதாக இருந்தால் காரணம் சொல்லித் தடுங்கள். அவன் பதில் சொல்லும்போது முழுவதும் கேளுங்கள். அன்று நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.