உடல்நலம் காட்டும் ஸ்மார்ட் வாட்ச்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது?

மணிக்கட்டில் அணியும் ஸ்மார்ட் வாட்ச் இன்று நேரம் காட்டும் கருவியாக மட்டும் இல்லை. நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, உறக்கம், நடந்த தொலைவு எனப் பலவற்றை அது பதிவு செய்கிறது. வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பொருள்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் சிலர், மருந்துச் சீட்டுடன் கடிகாரத்தின் பதிவுகளையும் காட்டி, "இது சரிதானா?" என்று கேட்கின்றனர். இக்கருவியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு நோயாளிகள்

என்னிடம் வந்த 67 வயதுப் பெண்மணி ஒருவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. நாடித்துடிப்பு சீராக இல்லை என்று அவரது கடிகாரம் இரண்டு முறை அறிவித்ததால் மகள் அழைத்து வந்திருந்தார். ஈசிஜி எடுத்துப் பார்த்ததில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இதய மேலறை நடுக்கம் உறுதியானது. இந்நிலையில் மேலறையில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். அதைத் தடுக்கும் மருந்து அவருக்கு உரிய காலத்தில் தொடங்கப்பட்டது.

மற்றொருவர் 54 வயது ஆண். நள்ளிரவில் நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் ஏற்பட்டதும், தம் கடிகாரத்திலேயே ஈசிஜி எடுத்துப் பார்த்திருக்கிறார். துடிப்பு சீராக உள்ளது என்று அது காட்டியது. வாயுத் தொல்லையாக இருக்கும் என எண்ணி விடியும்வரை காத்திருந்தார். காலையில் எடுத்த ஈசிஜி, மாரடைப்பு என்பதைத் தெளிவாகக் காட்டியது. உயிர் காப்பாற்றப்பட்டது. ஆனால், இரத்த ஓட்டம் இன்றி இருந்த இதயத் தசையின் ஒரு பகுதி நிலையாகச் செயலிழந்தது. இன்று மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது.

இருவரின் கடிகாரங்களும் பழுதின்றியே இயங்கின. முதலாமவருக்கு இருந்தது கடிகாரத்தால் கண்டறியக்கூடிய கோளாறு. இரண்டாமவருக்கு இருந்தது அதனால் கண்டறிய இயலாத நோய். இந்த வேறுபாட்டை அறிந்திருப்பதே பாதுகாப்பு.

கடிகாரம் எவ்வாறு கணிக்கிறது?

கடிகாரத்தின் அடிப்பகுதியிலிருந்து பச்சை நிற ஒளி தோலின் மீது பாய்ச்சப்படுகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தத்தின் அளவு கூடிக் குறைகிறது. அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியின் அளவும் மாறுகிறது. இம்மாற்றத்தைக் கொண்டு நாடித்துடிப்பு கணக்கிடப்படுகிறது. ஆக்சிஜன் அளவைக் கணிக்கச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன. பட்டை தளர்வாக இருத்தல், கை அசைதல், கை குளிர்ந்திருத்தல், அவ்விடத்தில் பச்சை குத்தியிருத்தல் ஆகியவை இக்கணிப்பைப் பிழையாக்கும்.

நன்மைகள்

1. ஓய்வு நேர நாடித்துடிப்பு: அமைதியாக அமர்ந்திருக்கும்போது பெரும்பாலான தரமான கடிகாரங்கள் நாடித்துடிப்பை ஓரளவு சரியாகவே காட்டுகின்றன. ஒரு நாளின் எண்ணைவிட, பல வாரங்களில் ஏற்படும் மாற்றமே மருத்துவருக்குப் பயன்படும்.

2. சீரற்ற துடிப்பைக் கண்டறிதல்: மேலறை நடுக்கம் பலருக்கு விட்டுவிட்டு வரும், அறிகுறி இல்லாமலும் இருக்கும். மருத்துவமனையில் சில விநாடிகள் எடுக்கும் ஈசிஜியில் அது தப்பிவிடலாம். நாள் முழுவதும் அணியும் கருவிக்கு அதைக் கண்டறியும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் ஏறத்தாழ 4,19,000 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 0.5 சதவீதம் பேருக்கே சீரற்ற துடிப்பு குறித்த அறிவிப்பு வந்தது. அவர்களில் ஈசிஜி பட்டையை நெஞ்சில் ஒட்டி மேற்கொண்டு பரிசோதிக்கப்பட்டவர்களுள் 34 சதவீதம் பேரிடம் மேலறை நடுக்கம் காணப்பட்டது. எனவே, அறிவிப்பு வந்தாலே நோய் உறுதி என்று பொருளன்று. அதை அலட்சியம் செய்யவும் கூடாது.

3. நடைப்பயிற்சி: நடந்த அடிகளின் எண்ணிக்கையை அன்றாடம் காண்பது பலருக்கு ஊக்கமளிக்கிறது.

4. விழுதலை அறிவித்தல்: தனியாக வாழும் முதியோர் விழுந்தால், சில கடிகாரங்கள் குடும்பத்தினருக்குத் தகவல் அனுப்பும். மெதுவாகச் சரிந்து விழுவதை அவை தவறவிடலாம்.

குறைகள்

1. மாரடைப்பைக் கண்டறியாது: மருத்துவமனையில் எடுக்கப்படும் 12 லீட் ஈசிஜி, இதயத்தைப் பல கோணங்களிலிருந்து பதிவு செய்கிறது. கடிகாரத்தின் ஈசிஜி ஒரே கோணத்தில் மட்டும் பதிவு செய்து, துடிப்பின் சீர்மையைச் சொல்கிறது. இரத்தக் குழாய் அடைபட்டிருந்தாலும் துடிப்பு சீராகவே இருக்கக்கூடும்.

2. ஆக்சிஜன் அளவு: தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதால் கணிப்பு மாறக்கூடும். மருத்துவமனைகளில் விரலில் பொருத்தும் பல்ஸ் ஆக்சிமீட்டர் குறித்து 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறிய நிலை, வெள்ளையின நோயாளிகளைக் காட்டிலும் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. மணிக்கட்டில் அளவிடுவது விரலில் அளவிடுவதைவிடக் கடினமானது. ஆகவே, மூச்சுத்திணறல் இருக்கும்போது கடிகாரம் காட்டும் அளவைக் கொண்டு ஆறுதல் அடையக் கூடாது.

3. இரத்த அழுத்தம்: மேற்கையில் பட்டை சுற்றி அளவிடும் முறையே இன்றும் நம்பகமானது. இரத்த அழுத்தம் காட்டும் சில கடிகாரங்களை, அத்தகைய கருவியுடன் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று அவற்றைத் தயாரிக்கும் நிறுவனமே அறிவுறுத்துகிறது.

4. இரத்தச் சர்க்கரை: ஊசியின்றிச் சர்க்கரை அளவைக் காட்டுவதாக விளம்பரம் செய்யப்படும் கடிகாரங்களை வாங்க வேண்டாம். அத்தகைய எந்தக் கடிகாரத்திற்கும் மோதிரத்திற்கும் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி இன்சுலின் கூடுதலாகப் போட்டுக்கொண்டால், சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் மரணமும்கூட நேரலாம். தோலுக்கடியில் பொருத்தப்படும் உணரி அனுப்பும் அளவைக் கடிகாரத் திரையில் காண்பது வேறு. அங்கு அளவிடுவது உணரியே அன்றிக் கடிகாரம் அன்று.

5. கலோரி: ஏழு கருவிகளை ஒப்பிட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதத்திற்கும் குறைந்த பிழையுடன் காட்டின. ஆனால் செலவான கலோரியைக் கணிப்பதில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. கடிகாரம் காட்டும் கலோரியைக் கணக்கில் கொண்டு நீரிழிவு நோயாளிகள் உணவைக் கூட்டக் கூடாது.

6. உறக்கம்: உறங்கிய மொத்த நேரத்தை ஓரளவு அறியலாம். ஆழ்ந்த உறக்கம், கனவு நிலை உறக்கம் போன்ற பிரிவுகள் தோராயமானவையே. அவற்றைத் துல்லியமாக அறிய மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை தேவை.

7. மனக்கவலை: நாளில் பலமுறை எண்களைப் பார்த்துப் பதற்றமடைவோர் உண்டு. அப்பதற்றமே நாடித்துடிப்பை மேலும் உயர்த்தும். அத்தகையோர் கடிகாரத்தைச் சில நாள்கள் கழற்றி வைப்பதே நல்லது.

பயன்படுத்துவோர் கவனத்திற்கு

• மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நழுவாதவாறு பட்டையைக் கட்ட வேண்டும். ஐந்து நிமிடம் அமர்ந்த பின் அளவு பார்க்க வேண்டும்.
• சீரற்ற துடிப்பு என அறிவிப்பு வந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் சில நாள்களுக்குள் மருத்துவரை அணுகி ஈசிஜி எடுக்க வேண்டும். அறிவிப்பின் நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.
• கடிகாரத்தின் எண்ணை மட்டும் கொண்டு மாத்திரையை நிறுத்துவதோ, அளவை மாற்றுவதோ கூடாது.
• பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள், காந்தம் உள்ள கடிகாரத்தையும் அதன் மின்னேற்றியையும் நெஞ்சிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். கடிகாரம் அணிந்த கையை மார்பின் மீது வைத்து உறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.
• கடிகாரம் இல்லாததால் எவருக்கும் சிகிச்சையில் குறை நேராது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பரிசோதிக்கப்படுகின்றன. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாளர்கள் வீட்டிற்கே வந்தும் பரிசோதிக்கின்றனர்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றில் ஒன்று இருந்தாலும், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை இழக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்:

• நெஞ்சு வலி, இறுக்கம், அல்லது இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி
• காரணமின்றித் திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம்
• முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல்

நீரிழிவு நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியின்றியும் வரக்கூடும் என்பதால், வியர்வையையும் மூச்சுத்திணறலையும் அலட்சியம் செய்யக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், மாரடைப்புக்கு முதலில் தர வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இருப்பில் வைக்கப்பட்டுள்ளன.

கடிகாரம் எச்சரித்தால் பதற்றமின்றிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடல் எச்சரித்தால், கடிகாரம் என்ன காட்டினாலும் உடனே புறப்படுங்கள்.