உங்களுக்குத் தெரியுமா? எல்லைக்குள் இத்தனை அதிசயமா!

'வரம்பு மீறிப் பேசாதே!' என்று எத்தனை முறை திட்டு வாங்கியிருப்பீர்கள்? அந்த வரம்பு வேறொன்றுமில்லை, வயல் வரப்புதான்! யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் அதற்குப் பெயர் வரம்பு. தவறிக் கால் வைத்தால் சேறு!

'மதுரை வரை போகிறேன்' என்கிறீர்கள். அந்த 'வரை' பழந்தமிழில் மலைக்கும் பெயர்!

பகல் என்றால் வெளிச்சம் என்றா நினைத்தீர்கள்? பகுப்பது, நடு என்பவையும் அதன் பழைய பொருள்கள். நுகத்தடியின் நட்டநடுவில் அறையும் ஆணிக்குப் பெயர் பகலாணி!

இன்னும் கேளுங்கள். சங்கப் பாட்டில் 'எல்லை' கழிந்தது என்று வந்தால் ஊர் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பொழுது போய்விட்டது! எல் என்றால் ஒளி. எல்லை என்றால் பகல், சூரியன்!

இப்போது வருவதுதான் நான் கண்டெடுத்ததிலேயே பெரிது. சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானம் கொடுத்தால் எல்லையை எப்படிக் குறித்தார்கள்? பெண் யானையை நடக்க விட்டு! யானை ஊரைச் சுற்றி வரும். அதிகாரிகளும் ஊராரும் கூடவே நடப்பார்கள். நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். யானை நடந்த வட்டம்தான் ஊர் எல்லை! முதலாம் ராஜராஜன் நாகப்பட்டினம் புத்த விகாரைக்குக் கொடுத்த ஊருக்கும் இப்படித்தான் செய்தார்கள். அந்தத் தானத்தைச் சொல்லும் செப்பேடுகள் மட்டும் 21! ஊரின் பெயர் என்ன தெரியுமா? ஆனைமங்கலம்!

உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். 'செக்குபந்தி' என்று ஒரு சொல் இருக்கும். நாலு பக்க எல்லை அது. இன்னார் மனைக்கு வடக்கு, இன்ன தெருவுக்குக் கிழக்கு என்று போகும். உங்கள் மனையைச் சொல்ல அடுத்தவர் மனையைத்தான் சொல்ல வேண்டும்!

'புறம்போக்கு' என்று யாராவது திட்டினால் கவலை வேண்டாம். தீர்வை கட்டும் நிலத்துக்குப் புறம்பானது, அவ்வளவே. ஆறு, ஏரி, வண்டிப்பாதை எல்லாமே கணக்கில் புறம்போக்குதான்!

ஆற்றுக்குக் கரை. வேட்டிக்கும் கரை. புடவைக்கும் கரை! காஞ்சிபுரம் கோர்வைப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உள்பக்கம் திருப்பி, இரண்டும் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். லேசாக ஒரு மேடு தட்டும். கரை இழையும் உடல் இழையும் அங்கேதான் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கின்றன! இந்த ஒரு கோட்டுக்காகப் பழைய தறியில் நாடா 3, ஆள் 2!

'வாயில்' ஒரு தலைகீழ்ச் சொல், தெரியுமா? இல்லத்தின் வாய், 'இல்வாய்' என்றுதானே வரவேண்டும்? திருப்பிப் போட்டு வாயில் ஆக்கினார்கள். அதுதான் நம் வாசல்! இல்முன் என்பதையும் விடவில்லை. முன்றில்!

வாசலைத் தாண்டினால் ரேழி. தெருவும் இல்லை, கூடமும் இல்லை. 'இடைகழி' தேய்ந்து தேய்ந்து ரேழி ஆயிற்று! தமிழிலேயே புகழ்பெற்ற இடைகழி திருக்கோவலூரில் இருந்தது. மழை இரவு. பொய்கையாழ்வார் அங்கே படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம். உட்கார்ந்தார்கள். அடுத்துப் பேயாழ்வார். மூவர் நிற்கலாம். நின்றார்கள். திடீரென்று இருட்டில் நாலாவதாக ஒருவர் நெருக்குகிறார். யார் அது? பெருமாளே! அந்த ரேழி நெருக்கடியில் பிறந்தவை 3 திருவந்தாதிகள். ஒவ்வொன்றும் 100 பாசுரம்!