ஏர்க்கலப்பையிலிருந்து பம்பு செட் வரை: கிர்லோஸ்கர் குடும்பத்தின் கதை

மம்சாபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தோட்டக் கிணறு வைத்திருக்கும் வீடுகளில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க, கமலை இறைத்த கதை சொல்வாங்க. அப்புறம் ஆயில் என்ஜின் வந்தது, கரண்ட் மோட்டார் வந்தது. அந்தக் காலத்து என்ஜின்கள் பலவற்றில் இருந்த பெயர் கிர்லோஸ்கர். அது ஒரு குடும்பப் பெயர். அந்தக் குடும்பம் பம்புத் தொழிலுக்கு எப்படி வந்தது? இந்த எபிசோடில் அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல் கலப்பை விற்க இரண்டு வருஷம்

லட்சுமணராவ் கிர்லோஸ்கர் பிறந்தது 1869-ல், பெல்காம் பக்கம். பம்பாயில் ஓவியம் படிக்கப் போனார். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்ததால் இயந்திர வரைபடத்துக்கு மாறினார். கம்பெனியின் தொடக்கம் 1888-ல் பெல்காமில் போட்ட சைக்கிள் கடை.

பிறகு மாட்டுத்தீவனம் வெட்டும் கருவி, இரும்புக் கலப்பை என்று விவசாயத்துக்குத் திரும்பினார். ஆனா கலப்பையை வாங்க ஆள் இல்லை. இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகள் பயந்தாங்க. முதல் கலப்பை விற்க இரண்டு வருஷம் ஆனது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு வெள்ளாமை போனால் ஒரு வருஷச் சாப்பாடு போச்சு. அந்த நிலையில் புதுசை நம்புவது லேசான காரியமா?

பட்டறை இருந்த இடத்தை பெல்காம் நகராட்சி காலி செய்யச் சொன்னதும், ஔந்த் சமஸ்தான ராஜா இடம் கொடுத்தார். கள்ளி முளைத்துக் கிடந்த தரிசு நிலம். 1910-ல் அங்கே உருவான தொழிற்சாலையும் ஊரும்தான் கிர்லோஸ்கர்வாடி. இன்றைய மகாராஷ்டிரா, சாங்லி மாவட்டத்தில் இருக்கிறது.

1926: பம்பு

கலப்பைக்கு இரும்பு வார்த்த கைப்பழக்கம்தான் பம்புக்கும் உதவியது. 1926-ல் அங்கே சென்ட்ரிபியூகல் பம்பு தயாரானது. உள்ளே ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்று தண்ணீரை வெளியே தள்ளும். அந்த இடத்தில் அழுத்தம் குறைவதால் கிணற்றுத் தண்ணீர் குழாய் வழியாக ஏறி வரும். கலப்பையின் பலன் தெரிய அறுவடை வரை காத்திருக்கணும். பம்பை ஓட்டிவிட்டால் வாய்க்காலில் தண்ணீரை உடனே பார்த்துவிடலாம்.

1946-ல் புனேயில் ஆயில் என்ஜின் கம்பெனியும் பெங்களூரில் மோட்டார் கம்பெனியும் தனித்தனியாக வந்தன. பெயர் ஒன்று, கம்பெனிகள் வேறு. அந்தப் பெயரே பின்னாளில் குடும்பத்துக்குள் வழக்கானது. 2009-ல் போட்ட குடும்ப ஒப்பந்தம் பற்றிய தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது.

நம்ம பக்கம் 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு, கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊரானது. அங்கேயும் பல கம்பெனிகள் குடும்பத் தொழில்தான்.

கிணற்றுக்குள் ஏன் மேடை?

கமலைக்கு ஒரு எல்லை உண்டு. மாடு களைத்தால் இறைப்பும் நின்றுவிடும். அதற்குள் கிணறு ஊறிவிடும். என்ஜினுக்குக் களைப்பு கிடையாது. ஆனா மேலே வைத்த பம்பு நடைமுறையில் சுமார் 25 அடி ஆழத்திலிருந்துதான் உறிஞ்சும். அதுக்குக் கீழே தண்ணீர் போனதும் கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கினாங்க. அதுவும் போதாமல் போர்வெல், நீர்மூழ்கி மோட்டார் என்று போச்சு. பழைய கிணறுகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக மேடைகள் தெரிந்தால், நீர்மட்டம் இறங்கிய வரலாறு அதுதான்.

அதனால அடுத்த மோட்டார் வாங்குவதற்கு முன்னால், கோடையில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்க. இரண்டு மணி நேரம் இறைத்த பிறகு எவ்வளவு இறங்குது, மறுநாள் காலையில் எவ்வளவு ஊறுது என்றும் குறிச்சுக்கோங்க. எத்தனை குதிரைத்திறன் வேணும் என்பதை கிணறுதான் சொல்லணும், கடைக்காரர் இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.