மேப்பிள் சாறும் குழாய் வழியும்

(இரண்டாமாண்டு இளநிலை அறிவியல், தாவரவியல்)

இனிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை கரும்பும் பனையுமே. கரும்பு விளையாத குளிர்நாடுகளிலும் இனிப்புத் தரும் மரம் ஒன்றுண்டு. அதுவே மேப்பிள். கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும் இம்மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கின்றனர். அச்சாற்றைச் சேகரிக்கும் குழாய்களைப் பற்றி நான் படித்தறிந்ததை இங்கே கூற விழைகிறேன்.

குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் நீர் உறைந்து பகலில் உருகும் சில வாரங்களில்தான் இச்சாறு ஊறும். உறையும்போது மரம் வேர்வழி நீரை இழுக்கிறது. உருகும்போது உள்ளழுத்தம் ஏறி, துளையிட்ட இடத்தில் சாறு வடிகிறது. அதில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதமே. ஆகவே 1 லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். முன்பு மரந்தோறும் வாளி தொங்கவிட்டு, பனியில் நடந்து சுமந்தனர். 1959இல் வெர்மான்ட்டைச் சேர்ந்த நெல்சன் கிரிக்ஸ் என்பவர் பிளாஸ்டிக் குழாய் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் அச்சுமை படிப்படியாகக் குறைந்தது.

குழாய் அமைப்பது எவ்வாறு? அடிமரம் குறைந்தது 25 செ.மீ. பருத்திருக்க வேண்டும். அதில் 8 மி.மீ. அகலமும் 4 அல்லது 5 செ.மீ. ஆழமும் உள்ள துளையிட்டு, சிறிய மூக்கு ஒன்றைச் செருகுவர். மூக்கிலிருந்து இறங்கும் சிறு குழாய், மரத்துக்கு மரம் செல்லும் கிளைக்குழாயில் சேரும். கிளைக்குழாய்கள் இழுத்துக் கட்டிய கம்பியின்மேல் ஓடும் பெருங்குழாயில் கலந்து தொட்டியை அடையும். 100 அடிக்கு 2 அடியேனும் சரிவு வேண்டும். குழாய் எங்கேனும் தொய்ந்தால் சாறு அங்கே தேங்கும். வெயில் பட்டதும் நுண்ணுயிர்கள் பெருகும். பலர் பம்பு வைத்துக் குழாயினுள் வெற்றிடம் உண்டாக்கிச் சாற்றை உறிஞ்சுவதும் உண்டு.

பருவம் முடிந்ததும் மூக்கைப் பிடுங்கிவிடுவர். துளையை மரமே மூடிக்கொள்ளும். குழாய்களைக் கழுவி வடித்துக் காட்டிலேயே விட்டுவைப்பர். சோடியம் சேர்ந்த குளோரின் கரைசலால் கழுவினால் உப்புச்சுவை தங்கி, அணில்கள் குழாயைக் கடித்துவிடும் என்பது அவர்கள் அனுபவம். நன்கு பேணினால் குழாய்கள் பத்தாண்டுக்கு மேலும் உழைக்கும். ஆனால் மூக்கை மட்டும் ஆண்டுதோறும் புதிதாக மாற்றுகின்றனர். ஏன்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாத்தா பனையேறி. நாள்தோறும் பாளையைச் சீவுவார். கலயத்தினுள் சுண்ணாம்பு தடவுவார். காரணம் கேட்டால், "சீவலேன்னா ஊறாது, தடவலேன்னா கள்ளாயிரும்" என்பார். அதன் அறிவியல் விளக்கம் எனக்கு மேப்பிளைப் படித்தபோதுதான் முழுமையாக விளங்கிற்று. நுண்ணுயிர் புகுந்தால் மரம் தன் காயத்தைச் சுற்றியுள்ள குழல்களை அடைத்துக்கொள்கிறது. பனையில் புதிய சீவல் அந்த அடைப்பை அன்றன்றே நீக்கிவிடும். மேப்பிளிலோ ஒரே துளை பருவம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். இரவில் உறையும்போதும், பம்பு நின்றபோதும் மரம் குழாயிலுள்ள சாற்றைத் திரும்ப இழுக்கும். பழைய மூக்கில் ஒட்டிய நுண்ணுயிர்களும் அதனுடன் உள்ளே போகும், விளைச்சல் குன்றும். இதைத் தடுக்கவே, 2010ஆம் ஆண்டளவில், உள்ளே சிறு உருண்டை கொண்ட மூக்கை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆய்வு மையம் உருவாக்கியது. சாறு பின்னோக்கி ஓடினால் அவ்வுருண்டை வழியை அடைத்துவிடும்.

சிக்கனம் என்பது எல்லாவற்றையும் திரும்பப் பயன்படுத்துவதன்று. காயத்திலிருந்து விலகியுள்ள நீண்ட குழாய் பழையதாக இருக்கலாம். காயத்தைத் தொடும் சிறு மூக்கு புதியதாக இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்தவரே மரத்துக்கும் தமக்கும் நன்மை செய்பவர். ஏட்டில் எழுதாமலே இதை அறிந்திருந்த பனையேறிகளும் அறிவியலறிஞரே அன்றோ!